மங்கலான முகத்தில் என்ன தெரிகிறது?

மொரிஷியஸில் 1867-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தை விட்டு வெளியே வந்த இந்தியத் தொழிலாளி, 'பழைய குடியேறி' என்ற சீட்டு இல்லாமல் நடமாடக் கூடாது. அந்தச் சீட்டில் அவர் முகப்படம் ஒட்டியிருக்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது சீட்டு இல்லையென்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். குடியேறிகளை அடையாளம் காண எடுத்த அக்காலப் படங்கள் ஏராளமாக இன்றும் மோக்காவில், மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பாட்டன், முப்பாட்டன் யாரென்று தேடிப் போகிற நம் ஆட்கள் கப்பல், ஊர், எண் எல்லாம் கிடைத்த பிறகு, படம் கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடுவார்கள். தலைப்பாகை மடிப்பு, மீசை, நெற்றித் தழும்பு என எல்லாம் தெரியும். அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்பது மட்டும் துளிகூடத் தெரியாது.

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆளைப் பிடிப்பதற்காக எடுத்த படம் அது. அன்றைய ஈரக் கொலோடியன் தகட்டுக்கு, அதாவது ரசாயனம் பூசிய கண்ணாடிக்கு, சில விநாடி வெளிச்சம் தேவைப்பட்டது. அசைந்தால் படம் போச்சு. சிரிப்பை அத்தனை நேரம் பிடித்து வைக்கவும் முடியாது. இன்றைய பாஸ்போர்ட் படத்துக்கும் விதி ஏறக்குறைய அதேதான்: வாயை மூடு, நேராகப் பார், முகத்தில் எதையும் காட்டாதே.

இப்போது இதன் எதிர்த்திசையில் போகிறவர்களைப் பாருங்கள். தன் உள்மனதைப் படமாக்க நினைக்கும் கலைப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் முகத்தையே கலைத்துவிடுகிறார்கள். அசைவில் கரைத்துவிடுவார்கள், இருட்டில் பாதியைப் புதைப்பார்கள், தலைமுடியால் மூடுவார்கள். 1970-களில் அமெரிக்காவின் ஃபிரான்செஸ்கா உட்மன் ஒரு பாழடைந்த வீட்டில் தன்னைத் தானே எடுத்த படங்களில், ஆள் பல நேரம் ஒரு புகைத் தடம்போலத்தான் இருப்பார். ஆனாலும் பார்த்தவுடன் நமக்கு ஏதோ செய்கிறது. முகம் குறையக் குறைய உணர்ச்சி கூடுவது எப்படி?

பதிலில் பாதி நம் மூளையில் இருக்கிறது. 'இது யார்' என்று அறிவதும் 'இவருக்கு என்ன ஆயிற்று' என்று அறிவதும் மூளையில் ஓரளவு தனித்தனி வேலைகள். மூளையில் அடிபட்டதால் பெற்ற பிள்ளையின் முகத்தையே அடையாளம் காண முடியாமல் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு, எதிரே இருப்பவர் கோபமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா என்று மட்டும் தெரியும்.

2003-இல் லண்டன் ஆய்வாளர்கள் முகப்படங்களை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்றில் நுண்ணிய கோடுகள் மட்டும்: இமை ஓரம், சுருக்கம், உதட்டு விளிம்பு. இன்னொன்றில் பெரிய நிழல் திட்டுகள் மட்டும். கண்ணாடி கழற்றியவர் பார்ப்பதுபோன்ற மங்கல். மூளையில் முகங்களை அறியும் பகுதி நுண்கோட்டுப் படத்துக்குத்தான் நன்றாக இயங்கியது. அச்சத்தைக் கண்டால் விழித்துக்கொள்ளும் அமிக்டலா என்ற பகுதியோ மங்கலான, பயந்த முகத்துக்கே அதிகம் துடித்தது. எல்லா உணர்ச்சிக்கும் இது ஒரே மாதிரி பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் படத்தை மங்கலாக்கும்போது 'யார்' என்ற தகவல் முதலில் போய்விடுகிறது, 'என்ன' என்பது கொஞ்ச நேரம் தங்குகிறது. கண்களைச் சுருக்கிக்கொண்டு எதிரே இருப்பவரைப் பாருங்கள், புரியும்.

ரோஸ் ஹில்லில் எங்கள் வார இறுதிப் புகைப்பட வகுப்பில் ஒரு மாணவி தன்னையே எடுத்த அப்படி மங்கலான படம் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு, "யாரு பிள்ளைன்னு தெரியலையே. பாவம், ரொம்ப நேரமா யாருக்கோ காத்திருக்கா" என்றார். அந்தப் பெண் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் படம் எடுத்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம். கதவு, ஜன்னலைச் சாத்திய அறை. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. முக்காலியில் கேமரா. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 8 விநாடி. அவள் முதல் 3 விநாடி லென்ஸை நேராகப் பார்த்தாள். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி, மீதி நேரம் சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். அவ்வளவுதான்.

கேமராவின் உணரி கோயில் உண்டியல் மாதிரி. யார் போட்டார், எப்போது போட்டார் என்று கேட்காது. விழுந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும். 8 விநாடியில் 3 விநாடி முகம் ஓர் இடத்தில் இருந்தால், அந்த இடத்தில் முகத்தின் ஒளி எட்டில் மூன்று பங்குதான் சேரும். மீதி ஐந்து பங்கு நேரம், முகம் நகர்ந்த இடத்தில் பின்னால் இருக்கும் சுவர் தெரியுமல்லவா, அதன் ஒளி சேரும். இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. சுவர் வெள்ளையாக இருந்தால் அதன் ஒளி முகத்தைத் தின்றுவிடும். ஆள் ஆவிபோல வெளிறிப்போவார். சுவர் கறுப்பாக இருந்தால் அதிலிருந்து வருவது அநேகமாகப் பூஜ்யம். பூஜ்யத்தைக் கூட்டினால் முகம் அழியாது, கொஞ்சம் மங்கும், அவ்வளவே. அதனால் இரண்டு முகமும் ஒரே உடம்பில் நிற்கும்: ஒன்று நம்மைப் பார்க்கும், ஒன்று விலகும். நடுவில் தலை திரும்பிய நேரம் ஒரு மெல்லிய இழுப்பாகப் பதிந்திருக்கும். 'மனம் இரண்டாகக் கிடக்கிறது' என்று நாம் சொல்வதற்குக் கறுப்புத் துணி ஒன்று போதும்.

தொடக்கத்திலேயே ஒரு முறை பிளாஷ் அடித்தால் வேறு மாதிரி வரும். பிளாஷ் ஒளி விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே நீடிப்பதால், முதல் முகம் கூர்மையாக உறைந்துவிடும். அதற்குப் பின் வருவதெல்லாம் அதன்மேல் புகையாகப் படரும். எனக்கு இது கொஞ்சம் நாடகத்தனமாகத் தோன்றும். ஆனால் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கிறது.

அசைவை அடுத்து இருட்டு. இதில் ஒரு பழைய கதை உண்டு. பிரான்ஸில் டகேர் தன் புகைப்பட முறையை அறிவித்துப் பேரும் ஓய்வூதியமும் பெற்ற அதே காலத்தில், காகிதத்தில் படம் பிடிக்கும் தனி முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார் இப்போலித் பயார். அவரை அரசு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1840-இல் அவர் சட்டையில்லாமல் கண்ணை மூடிச் சாய்ந்து, தண்ணீரில் விழுந்து செத்தவராகத் தன்னையே படமெடுத்தார். முகமும் கையும் அழுகத் தொடங்கிவிட்டன என்று பின்புறம் எழுதி வேறு வைத்தார். படத்தில் அவை உண்மையிலேயே கறுத்திருக்கும். காரணம் வேதியியல்: அந்த வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். வெயில் பட்ட தோல் நீல ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் இருண்டு பதிந்தது. கோபத்தைக் காட்ட, தன் காகிதத்தின் குறையையே பயன்படுத்திக்கொண்டார் மனிதர்!

நமக்கு அருகில், தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய உம்லாசியில் 1972-இல் பிறந்த ஸனேலே முஹோலி இதைத் தெரிந்தே செய்கிறார். 2012 முதல் எடுத்துவரும் தன்படங்களில், பிறகு கணினியில் மாறுநிலையை (கான்ட்ராஸ்ட்) கூட்டித் தன் நிறத்தை இருப்பதைவிடக் கறுப்பாக்குகிறார். வீட்டு வேலை செய்து பிழைத்த தன் அம்மாவை நினைத்து, துணி மாட்டும் கிளிப்புகளையே தலையில் கிரீடமாக வைத்து எடுத்த படமும் உண்டு. மாறுநிலையைக் கூட்டினால் இருட்டு இன்னும் இருளும், வெளிச்சம் இன்னும் வெளுக்கும். தோல் அடங்கிப்போக, கண்ணின் வெள்ளை பாய்ந்து வரும். அச்சத்தில் விரிந்த கண்ணின் வெள்ளையை மட்டும் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகக் காட்டினாலே அமிக்டலா இயங்கும் என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. முஹோலியின் முன் நம்மால் சும்மா நிற்க முடியாததற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் அதை வெளுக்க வைத்துவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது ஒளியைப் பாதியாக்கி எடுங்கள், நம் நிறம் நம் நிறமாகவே வரும்.

தூரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். கேமரா 30 செ.மீ. தள்ளி இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில், மூக்கு காதைவிட 1.4 மடங்கு பெரிதாகப் பதியும். 3 மீட்டர் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் 4 சதவீதம்தான். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 45 செ.மீ. தூரத்தில் எடுத்த முகங்களை 135 செ.மீ. தூரத்தில் எடுத்த அதே முகங்களைவிட நம்பகம் குறைந்தவையாக மதிப்பிட்டார்கள். நெருக்கமாகப் போனால் நெருக்கம் தெரியும் என்பது முழு உண்மையில்லை. மூச்சு முட்டுவதுபோலவும் தெரியும். அதுதான் வேண்டுமென்றால் கிட்டப் போங்கள்.

அப்புறம், பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்பதும் முகத்தை மாற்றும். ஒரு நடிகரின் ஒரே வெறும் முகத்தை, சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டி ரஷ்யத் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் நூறாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். பசியையும் துக்கத்தையும் சேர்த்தது பார்த்தவர்கள்தான். அந்தப் பெரியம்மா கண்ட காத்திருப்பும் அப்படித்தான். எடுக்கும்போது என்ன நினைத்தாய் என்று மாணவியைக் கேட்டால், விநாடி எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அதனால் படம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மழை வழியும் கண்ணாடி, கவிழ்ந்த தலை, ஒற்றைக் காக்கை என்று கைபேசிகளில் சுற்றுகிற 'சோகப் படங்கள்' சலிப்பதற்குக் காரணம் வேறு: அவை நமக்குச் சேர்ப்பதற்கு இடமே வைப்பதில்லை.

கைபேசியில் முயல்பவர்களுக்கு: இரவு முறையை நம்பாதீர்கள். அது ஒரே நீண்ட வெளிச்சத்துக்குப் பதிலாகப் குறைந்த நேரப் படங்கள் பலவற்றை எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, அசைந்த பகுதியைத் தேடித் தள்ளிவிடும். நாம் வேண்டுவது அந்த அசைவைத்தான். 'ப்ரோ' முறைக்குப் போய் ஷட்டரை 4 அல்லது 8 விநாடிக்கு வையுங்கள், அழகூட்டும் வசதியை அணையுங்கள், போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, மூன்று விநாடி டைமர் போடுங்கள். விரல் பட்டு போன் ஆடினால் சுவரும் சேர்ந்து ஆடும்; அப்போது கலங்கியது நீங்களா, மேசையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.