உங்கள் லேப்டாப்பில் எவ்வளவு ஈயம் இருக்கலாம்? இ-வேஸ்ட் விதிகள் கம்பெனிகளிடம் கேட்பதும் கேட்காமல் விட்டதும்

புது லேப்டாப் பெட்டியைப் பிரித்தால் சார்ஜருக்கு அடியில் ஒரு சின்னக் கையேடு மடித்து வைத்திருக்கும். எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து. பெரும்பாலும் பிரிக்காமலே மேசை டிராயருக்குப் போய்ச் சேரும். அதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். இந்தச் சாதனம் இந்திய இ-வேஸ்ட் விதிகள் சொல்லும் அபாயப் பொருள் வரம்புக்குள் இருக்கிறது என்று எங்காவது ஒரு வரி இருக்கும். கம்பெனி பெருந்தன்மையாகப் போட்டதில்லை. போட்டே ஆக வேண்டும் என்று விதி இருப்பதால் போட்டது.

அந்த விதியின் பெயர் மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் மத்திய அரசு 2022 நவம்பரில் அறிவித்தது; 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதற்கு முன் 2011-இல் ஒன்றும் 2016-இல் ஒன்றும் வந்தன. 2016 பட்டியலில் 21 வகைச் சாதனங்கள்தான் இருந்தன. இப்போது 106. கணினி, லேப்டாப், பிரிண்டர், அதன் கார்ட்ரிட்ஜ் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

பெயரில் "கழிவு" இருப்பதால் குப்பை அள்ளுகிறவர்கள் சமாச்சாரம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இந்த விதிகளில் ஒரு முக்கியமான பகுதி, கணினி இன்னும் காகிதத்தில் வரைபடமாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

ஆறு நஞ்சுகள்

16-வது விதி ஆறு பொருள்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம், அப்புறம் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் இரண்டு வகை புரோமின் சேர்மங்கள் (பிபிபி, பிபிடிஇ). காட்மியம் எடையில் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற ஐந்தும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

எதன் எடையில் என்பதுதான் இதில் சூட்சுமம். இரண்டு கிலோ லேப்டாப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டால் 0.1 சதவீதம் என்பது 2 கிராம். அப்படி அளக்க விட்டால் எந்தக் கம்பெனியும் எளிதாகத் தப்பித்துவிடும். அதனால் விதி "ஒரே சீரான பொருள்" என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. மேற்கொண்டு பிரிக்க முடியாத ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு வயரை எடுத்தால் மேலுறை பிளாஸ்டிக் தனி, உள்ளே உள்ள செம்பு தனி. மதர்போர்டில் ஒரு சிப்பின் காலைப் பிடித்திருக்கும் கடுகளவு பற்றாசு, அதாவது சால்டரிங் ஈயம் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பொட்டும் தனி. பழைய பற்றாசில் வெள்ளீயம் 63 பங்கு, ஈயம் 37 பங்கு. வரம்பு 0.1 சதவீதம் எனும்போது 37 சதவீதம் எங்கே நிற்கும்? ஆகவே பற்றாசையே மாற்ற வேண்டியதாயிற்று.

மாற்றுவது லேசான வேலையாக இருக்கவில்லை. பழைய பற்றாசு 183 டிகிரியில் உருகும். ஈயம் இல்லாத வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவைக்கு 217 டிகிரிக்குப் பக்கம் வேண்டும். உலையின் சூடு ஏறினால் போர்டு தாங்க வேண்டும், சிப்பின் உறை தாங்க வேண்டும், பிளாஸ்டிக் கனெக்டர் நெளியாமல் இருக்க வேண்டும். உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் இதற்காக மாறின. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் இதே ஆறு பொருள்களுக்கு வரம்பு வைத்ததுதான் அதற்குக் காரணம். இந்தியாவில் இந்த வரம்பு 2014 மே 1 முதல். அதற்கு முன் சந்தைக்கு வந்த சாதனங்களின் உதிரி பாகங்களுக்கு விலக்கு இருக்கிறது, இல்லாவிட்டால் பழையதைப் பழுது பார்க்கவே வழியிருக்காது. வேறு சில விலக்குகளும் தனிப் பட்டியலாக உண்டு. அதிக வெப்பத்தில் உருகும் வகைப் பற்றாசில் 85 சதவீதத்துக்கு மேல் ஈயம் இருந்தாலும் குற்றமில்லை, அந்த இடத்துக்கு இன்னும் சரியான மாற்று வராததால்.

மீறினால்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். சோதனைச் செலவு கம்பெனி தலையில். வரம்பு தாண்டியிருந்தால் அந்தச் சரக்கைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து விற்பவருக்கும், யாரோ செய்ததைத் தன் பிராண்டு பெயரில் விற்பவருக்கும் இதே பொறுப்புதான். விதியின் கண்ணில் அவர்களும் "உற்பத்தியாளர்" தான். குறு நிறுவனங்களுக்கு மட்டும் இந்த விதிகளிலிருந்து விலக்கு.

எண் இல்லாத வரி

நஞ்சு விஷயத்தில் எண் இருக்கிறது, எண் இருப்பதால் பல்லும் இருக்கிறது. அதே விதிகளில் வடிவமைப்பைப் பற்றி இன்னொரு கடமை இருக்கிறது. தயாரிப்பாளர்கள் பொருளை மறுசுழற்சி செய்யக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும். கழிவு குறையும்படி, வேறு வேறு தயாரிப்பாளர்களின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல வரி. ஆனால் எத்தனை சதவீதம், எந்தப் பாகம், எந்த வருடத்துக்குள் என்று எதுவும் இல்லை. ஐரோப்பாவில் சார்ஜர் துளை டைப்-சியாகத்தான் இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள்; போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல், லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். அப்படி எழுதினால்தான் வரைபடம் போடுகிறவர் பேனாவை மாற்றிப் பிடிப்பார்.

எங்கள் வீட்டுப் பரணில் அரசு கொடுத்த ஒரு லேப்டாப் கிடக்கிறது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் சித்தப்பா மகளுக்குக் கிடைத்தது. போன மாதம் இறக்கித் துடைத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடுகிறது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேம் கண்ணுக்குத் தெரிகிறது. என் இப்போதைய லேப்டாப்பில் ரேம் போர்டோடு பற்றவைத்தது, பேட்டரி பசை போட்டு ஒட்டியது. நஞ்சு வரம்பைப் பொறுத்தவரை புதியதுக்குத்தான் சட்டக் கட்டுப்பாடு. பிரித்து மாற்றுவதில் பழையதுதான் கெட்டிக்காரப் பிள்ளை.

கிலோக் கணக்கு

சரி, விற்ற பிறகு என்ன? இங்கே இபிஆர் (விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு) என்ற சொல் வருகிறது. உற்பத்தியாளரின் பொறுப்பு கடை வாசலோடு முடிவதில்லை, பொருள் செத்த பிறகும் தொடரும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் சராசரி ஆயுள் எத்தனை வருடம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆயுள் 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி 2020-21-இல் 1,000 டன் விற்றிருந்தால், 2025-26-இல் அதில் 70 சதவீதம், அதாவது 700 டன் மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்குக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் இரண்டு வருடம் இலக்கு 60 சதவீதம். அடுத்த இரண்டு வருடம் 70. 2027-28 முதல் 80.

அந்த 700 டன்னும் கம்பெனி தானே வீடு வீடாகப் போய் எடுத்த சொந்த லேப்டாப்பாக இருக்க வேண்டியதில்லை. வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த மறுசுழற்சி நிறுவனங்களுக்குச் சான்றிதழ் உருவாகும். கம்பெனி அதை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்யலாம். சான்றிதழ் விலை தரைமட்டத்துக்குப் போகக் கூடாது என்று 2024-இல் திருத்தம் வந்தது. சில பெரிய கம்பெனிகள் அந்தக் குறைந்தபட்ச விலையை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றம் போயின. இலக்கை எட்டாத கம்பெனி சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது. பாக்கியை ஒரு வருடத்துக்குள் முடித்தால் கட்டியதில் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும், இரண்டாம் வருடம் என்றால் 60, மூன்றாம் வருடம் 30.

சான்றிதழ் எதை வைத்துக் கணக்காகிறது? தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகங்களை வைத்து. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ஸ்க்ரூ போட்டுப் பத்து நிமிடத்தில் பிரிக்கிற மாதிரி செய்த கம்பெனிக்கும், பசை போட்டு ஒட்டிய கம்பெனிக்கும் கிலோவுக்கு ஒரே கணக்கு. நன்றாக வடிவமைத்தவருக்கு இதில் ஒரு ரூபாய் மிச்சமில்லை. பிளாஸ்டிக் எங்கே போயிற்று என்று சான்றிதழ் கேட்பதும் இல்லை.

ஒரு நல்ல சலுகை உண்டு. புதுப்பித்தல். 60 டன் இலக்குள்ள கம்பெனி, அதில் 20 டன்னைப் பதிவுபெற்ற புதுப்பிப்பாளர் வழியாகச் சீராக்கி மறுபடி புழக்கத்துக்கு விட்டால், அந்த வருடம் 40 டன்னுக்குக் கணக்குக் காட்டினால் போதும். நீட்டித்த ஆயுள் முடிந்ததும் அந்த 20 டன்னில் முக்கால் பங்கு, 15 டன் மட்டுமே கணக்கில் ஏறும். பழையதை உயிரோடு வைத்திருப்பதற்கு இந்த விதிகள் தரும் ஒரே பரிசு என்று இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வீட்டுப் பரண்

இப்போது நம் பக்கம். வீட்டில் ஒன்றிரண்டு கணினி வைத்திருப்பவர்கள் மேல் 2022 விதிகள் தனியாகச் சுமை எதுவும் ஏற்றவில்லை. பழைய லேப்டாப்பை இந்த விலைக்குக் கம்பெனி வாங்கியே ஆக வேண்டும் என்ற உரிமையும் கொடுக்கவில்லை. சில பிராண்டுகள் தாமாகவே திரும்ப வாங்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் வாரியத்தின் தளத்தில் கிடைக்கும்.

நான் அந்தப் பரண் லேப்டாப்பை முதலில் எங்கள் தெருமுனை பழைய இரும்புக் கடைக்குத்தான் கொண்டுபோனேன். பேரீச்சம்பழக் காலத்திலிருந்து வரும் பழக்கம். "முழுசா வேணாம் தம்பி, போர்டை மட்டும் கழட்டிட்டு வா, அதுக்குத்தான் காசு" என்றார் அண்ணன். அந்த போர்டு அடுத்து எங்கே போகும் என்று கேட்டேன். "வடக்கே போகும்." தில்லி சீலம்பூர் மாதிரியான இடங்களில் போர்டுகளை நெருப்பில் வாட்டி சிப்புகளைப் பெயர்ப்பதும், செம்புக்காக வயரைக் கொளுத்துவதும், தங்கத்துக்காக அமிலத்தில் ஊறவைப்பதும் நெடுநாளாக நடக்கிறது. அண்ணன் கெட்டவர் இல்லை. அவர் கடைக்கும் பதிவுபெற்ற ஆலைக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை, அவ்வளவுதான். லேப்டாப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கவனியுங்கள். சாதாரண ஃபார்மேட்டில் எல்லாம் அழிந்துவிடாது. முழுவதும் அழித்தெழுதும் மென்பொருளைப் போடுங்கள், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்குச் சட்டமே வேறு: பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022. உப்பிப்போன லித்தியம் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம். தனியாகவே கொடுங்கள்.

பழுது பார்க்க முடியுமா என்று தெரிய மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் "பழுதுபார்க்கும் உரிமை" என்றொரு தளம் திறந்தது. பங்கேற்கும் கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி பாக விவரம் அங்கே இருக்கும். வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம் நடத்துகிறவர்களுக்கு விஷயம் வேறு. ஒரு நிதியாண்டில் எந்த நேரத்திலாவது 1,000 சாதனங்களைப் பயன்படுத்தியிருந்தால் நீங்கள் "பெரு நுகர்வோர்". கணினி மட்டும் இல்லை, பட்டியலில் உள்ள ஏசி, பிரிண்டர், டியூப்லைட் எல்லாம் சேர்த்துத்தான் எண்ணிக்கை. ஒரு நடுத்தரப் பொறியியல் கல்லூரியே எளிதாகத் தாண்டிவிடும். இவர்கள் இ-வேஸ்ட்டைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் இவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். லேப்பில் கிடக்கும் நூறு கணினிகளுக்கு டெண்டர் விட்டு, அதிக விலை கேட்ட காயலான் கடைக்கு லாரி ஏற்றிவிடுகிற வழக்கம் விதிமீறல். எடுத்துச் செல்பவரின் பதிவுச் சான்றை முதலில் வாங்கிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பரணில் அந்த லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு பழைய டப்பா மானிட்டரும் இருக்கிறது. கண்ணாடிக் குழாய் வகை, அந்தக் கண்ணாடியிலேயே கிலோக் கணக்கில் ஈயம். செய்த கம்பெனி இன்று இல்லை. இப்படிக் கேட்பாரற்றுப் போனவற்றை விதிகள் அநாதைப் பொருள் என்கின்றன. அவற்றைச் சேகரித்துப் பதிவுபெற்ற ஆலைக்கு அனுப்புவது நகராட்சி, மாநகராட்சியின் கடமை என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் வார்டு அலுவலகத்தில் இதைச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.