இருபது வருடம் பைக் ஓட்டியவருக்கும் சைடு வீல் வண்டி புதிதுதான்

போன வாரமும் ஒருவர் வந்தார். சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். செயற்கைக் கால் பொருத்தி, நடைப்பயிற்சி முடித்து நாங்கள்தான் அனுப்பி வைத்தோம். இப்போது சைடு வீல், அதாவது பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம், பொருத்திய ஸ்கூட்டர் ஒரு இடது திருப்பத்தில் வலப்பக்கமாகக் கவிழ்ந்து, மிச்சமிருந்த நல்ல காலின் கணுக்கால் உடைந்திருக்கிறது. அவருடைய நடை மொத்தமும் அந்தக் காலை நம்பித்தான் இருந்தது. இயன்முறை மருத்துவராக இதே கதையை எத்தனை முறை கேட்பது?

ஓட்டிப் பழகினீர்களா என்று கேட்டால் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல ஒரே பதில்தான்: “பைக்கே இருபது வருஷம் ஓட்டினேன் சார், இதுல சக்கரம் வேற கூட இருக்கு, எங்க விழப்போகுது?”

இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பைக்கில் ஓரளவு வேகம் வந்தபிறகு நாம் ஹேண்டில்பாரைத் திருப்பி வளைவதில்லை, வண்டியைச் சாய்த்துத்தான் வளைகிறோம். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் நம்மை அறியாமலே இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம். முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் பார்க்கும், வண்டி இடப்பக்கம் சாயும், அந்தச் சாய்விலேயே திரும்பிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல இது; வருடக்கணக்கில் உடம்பில் ஊறியது. சைடு வீல் வண்டி அப்படிச் சாயாது. அதில் இடது கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி வலப்பக்கம்தான் போகும். நிதானமாக ஓட்டும்போது யோசித்துச் சரியாகத் திருப்புவீர்கள். நாய் குறுக்கே வந்தால் யோசிக்க நேரம் ஏது? பழைய கைதான் வேலை செய்யும், நேர் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

சின்ன வயதில் போலியோ வந்து, நேரடியாக சைடு வீலில் கற்றுக்கொண்டவர்கள் எங்களிடம் இப்படி அடிபட்டு வருவது குறைவு. அவர்களுக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. புதிதாக மாறுகிறவர்கள் முதலில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுங்கள். அவர்களைவிட நல்ல ஆசான் கிடையாது.

பிரேக்கிலும் இதே சிக்கல்தான். பைக்கில் இடது கை லீவர் கிளட்ச். ஸ்கூட்டரில் அதுவே பிரேக். பதற்றத்தில் பழைய ஞாபகத்தில் இரண்டு கையையும் இறுக்கிவிடுகிறார்கள். நேர்ச்சாலையில் பரவாயில்லை. வளைவில் அப்படிப் பிடித்தால் பாரம் முன்னாலும் வெளிப்பக்கமும் சேர்ந்து போகும். அந்த மூலையில் தாங்கிப் பிடிக்கச் சக்கரமே கிடையாது, முன்னால் இருப்பது ஒன்றுதானே. பின்னால் எத்தனை இருந்தாலும் வண்டி குறுக்குவாக்கில் தூக்கிப் போட்டுவிடும். வலது காலை இழந்த சிலருக்கு பிரேக் என்றதும் தொடைத் தசை இறுகுவதைப் பயிற்சியின்போது கை வைத்தே பார்த்திருக்கிறேன். இல்லாத பாதம் இன்னும் பெடலைத் தேடுகிறது. பழக்கம் அவ்வளவு ஆழமானது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. திரும்பும் பக்கமாக உடம்பைச் சாய்த்து உட்காருங்கள். சிக்னலில் காலை ஊன்றாதீர்கள், தயவுசெய்து! வண்டி தானாக நிற்கும். ஊன்றிய பாதத்தின் மேல் பின்னாலிருக்கும் சைடு வீல் ஏறும். சர்க்கரையாலோ தண்டுவடக் காயத்தாலோ உணர்ச்சி குறைந்த கால் என்றால் ஏறியதுகூடத் தெரியாது, வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் மூடிய ஷூ போடாமல் வண்டியைத் தொடவே கூடாது. கால் வைக்கும் இடத்தின் ஓரத்தில் சின்னத் தடுப்பு ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள், கால் நழுவி வெளியே தொங்காது.

வேகத்தடையின் ஓரத்தில் இருக்கும் சந்தில் நைசாகப் போகிற பைக் வித்தை இங்கே வேண்டாம். ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் கீழே இருந்தால் வண்டி சாய்ந்துவிடும். நேராக, மெதுவாக, இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்குங்கள். பஸ் ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்கும் பழக்கமும் அப்படியே. தார் ரோட்டின் விளிம்பில் இடது சக்கரம் மட்டும் இறங்கினால் பிறகு உங்கள் கையில் ஒன்றுமில்லை. பின்னால் வருகிறவர் காத்திருக்கட்டும்.

இலவசமாக ஸ்கூட்டர் பெற்றுத் தருகிறவர்களிடமும் வீட்டு மனிதர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாவியைக் கொடுத்த அன்றே ரோட்டில் விடாதீர்கள். காலியான மைதானத்தில் எட்டுப் போட்டு, திடீர் பிரேக் பிடித்து, கை பழகும்வரை கூடவே நில்லுங்கள். அதுவரை பின்னால் யாரும் ஏற வேண்டாம், குறிப்பாக ஒருபக்கமாக உட்காருகிறவர்கள்.

பழைய வண்டிக்கே வெல்டிங் பட்டறையில் சைடு வீல் வைத்துக்கொண்டவர்கள் போல்ட்டையும் டயர் காற்றையும் அடிக்கடி பாருங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்தாலே வண்டி இழுக்கும். மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும். கியர் பைக்குக்கு வாங்கிய பழைய லைசென்ஸ் போதும் என்று இருக்காதீர்கள். மாற்றியமைத்த வாகனத்துக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவர்கள் அதற்கும் முன்னால் மருத்துவரிடம் பார்வையையும் கவனத்தையும் சோதித்துக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தில் வருவதைக் கவனிக்கவே முடியாதவருக்கு எத்தனை சக்கரம் வைத்தாலும் சாவியைக் கொடுக்கச் சொல்ல என்னால் முடியாது.