டிரிப்டோபன் எந்தப் பக்கம் போகிறது?

"அப்பாவுக்கு 68 வயது. இதுவரை மனநோய் எதுவும் இருந்ததில்லை. சில மாதங்களாகப் பேப்பரைக்கூடத் தொடுவதில்லை. மூளையில் அழற்சி இருந்தால் இப்படி ஆகும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இருக்கலாம். இளமையில் எட்டிப்பார்க்காத மனச்சோர்வு முதுமையில் முதன்முறையாக வந்தால், சிலருக்கு அது அல்சைமருக்கோ பார்கின்சனுக்கோ முன்னறிகுறி. கை நடுங்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனம் தளர்ந்துபோனவர்கள் உண்டு.

காய்ச்சலில் சோறு பிடிக்காது, யாராவது பேசினாலே எரிச்சல் வரும். நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சைட்டோகைன்கள் மூளைக்கு அனுப்பும் சேதி அது. கிருமியை எதிர்க்க உடல் காட்டும் இந்தக் கொந்தளிப்புதான் அழற்சி. வயதானவர்களுக்குக் கிருமி இல்லாமலே இந்தச் சேதி ஓயாமல் போகலாம். மூளையில் அதை வாங்கிக்கொள்பவை அங்குள்ள காவல் செல்களான மைக்ரோகிளியா. 1919இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்தேகா அடையாளம் காட்டிய செல்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தில் சிறு பங்குதான், மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் ஆகிறது. பெரும்பங்கு கல்லீரலில் கைநுரெனின் என்ற வேறொரு பொருளாக உடைகிறது. அழற்சி வந்தால் ஐடிஓ என்ற நொதி வேறு செல்களிலும் விழித்துக்கொண்டு, கைநுரெனின் பக்கத்து மடையை இன்னும் அகலத் திறந்துவிடும். கைநுரெனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் நுழையக்கூடியது. அங்கே நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்லின் கையில் கிடைத்தால் கைநுரெனிக் அமிலமாகி, நரம்புச் செல்லைத் தூண்டும் வாசலான என்எம்டிஏ ஏற்பியை அடக்கும். மைக்ரோகிளியாவிடம் சிக்கினாலோ குவினோலினிக் அமிலமாகி அதே ஏற்பியைத் தூண்டும்; அளவு மீறினால் நரம்புச் செல்லையே கெடுக்கும். மூலப்பொருள் ஒன்று, ஏற்பி ஒன்று, வேலை மட்டும் நேரெதிர்!

இதற்குச் சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற சைட்டோகைனையே ஊசியாகப் போட்ட காலத்தில், கணிசமானவர்கள் சில வாரங்களிலேயே மனச்சோர்வில் விழுந்தார்கள். ஊசி போட்டவர்களின் தண்டுவடத் திரவத்தில் குவினோலினிக் அமிலம் கூடியிருந்தது.

அப்படியானால் அழற்சியை அடக்கும் மருந்து கொடுத்துவிடலாமே? மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சியடக்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2013இல் வெளியானது. மொத்தத்தில் பலனில்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் முன்னேற்றத்தின் சாயல் தெரிந்தது. ஆக, யாருடைய சோர்வு அழற்சியால் வந்தது என்று பிரித்தறிவதுதான் சவால். காப்புரிமை முடிந்த மலிவான மருந்துகளை இந்தக் கோணத்தில் சோதிக்கப் பணம் போட கம்பெனிகளுக்கு என்ன லாபம்? அரசுதான் போட வேண்டும். செய்வினை எடுக்கக் கேட்ட தொகையை எண்ணி வைக்கும் வீடுகளில், டாக்டரிடம் போவதற்கு மட்டும் "வயசானா அப்படித்தான்" என்று பதில் வருகிறது.

வாசகருக்கு: தைராய்டு, பி12 இரண்டையும் முதலில் பாருங்கள். அப்பா சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு எடுத்துப் போங்கள். நடை தளர்ந்திருக்கிறதா, வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா, மறதி உண்டா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.