லெவலிங்: மட்டமா, படியா, அடுக்கா?

போக்கர் சீட்டாட்டத்தில் எதிராளி என்ன நினைக்கிறார் என்பதை அடுக்கடுக்காகக் கணித்து ஆடுவதை 'லெவலிங்' என்பார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'லெவல்' என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'லிபெல்லா'வில் போய் நிற்கிறது. தராசைக் குறிக்கும் 'லிப்ரா'வின் சிறுமை வடிவம் (சின்னத் தராசு) அது. கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவிக்கும் அதுவே பெயர். நம் கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டமும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்த வகையில் 'மட்டம்' நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் 'மட்டச் சிந்தனை' என்று எழுதினால் கீழ்த்தரமான சிந்தனை என்றே படிக்கப்படும். ஆகவே அது உதவாது.

போக்கர் எழுத்தாளர்களான டேவிட் ஸ்க்லான்ஸ்கியும் எட் மில்லரும் 2006இல் வெளியிட்ட நூலில் உள்ள சிந்தனை நிலைகளின் வரிசை இப்படிப் போகும்: எதையும் யோசிக்காதவர் 0. 'என் கையில் என்ன?' என்பது 1. 'அவர் கையில் என்ன?' என்பது 2. 'என் கையில் என்ன என்று அவர் நினைக்கிறார்?' என்பது 3. 'தன் கையில் என்ன என்று நான் நினைக்கிறேன் என்று அவர் நினைக்கிறார்?' என்பது 4. மூன்றிலிருந்து நிலைக்கு ஒரு 'என்று' கூடுகிறது. அதை எண்ணினாலே எந்த நிலை என்று தெரிந்துவிடும்.

டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஒரு கை. நடுவில் பந்தயமாகச் சேர்ந்திருப்பது 100 சிப். மேசையில் இருவருக்கும் பொதுவாக இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 9, டைமண்ட் 4, கிளாவர் 2, கடைசியாக இஸ்பேட் 6. உங்களிடம் இஸ்பேட் ஏஸும் ஆர்ட்டின் ராணியும், ஜோடிகூட இல்லை. முன்பு இருமுறை ஈடு வைத்த (உங்கள் பந்தயத்துக்குச் சமமாகப் போட்ட) எதிராளியிடம் ராஜா ஜோடி இருக்கலாம் என்று கணிப்பது இரண்டாம் நிலை. மூன்று இஸ்பேட் விழுந்ததால் உங்களுக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) சேர்ந்துவிட்டதாக அவர் அஞ்சுவார், இஸ்பேட் ஏஸ் உங்களிடம் இருப்பதால் உச்ச ஃப்ளஷ் அவரிடம் இருக்க முடியாது என்று கணக்குப் போட்டு 100 சிப் வைத்துப் போக்குக் காட்டுவது மூன்றாம் நிலை. இரண்டில் ஒரு தடவைக்கு மேல் அவர் சீட்டைக் கவிழ்த்து விலகினால் இது லாபம்.

அவர் முதல் நிலைக்காரராக இருந்தால்? மேசையிலுள்ள இஸ்பேட்டை அவர் பார்க்கவே மாட்டார். 'என்னிடம் ராஜா ஜோடி' என்று ஈடு வைப்பார்; 100 சிப் போயிற்று. நீங்கள் சொன்ன கதையைக் கேட்க ஆளில்லை. அனுபவமுள்ளவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். எதிராளியைவிட சரியாக ஒரு நிலை மேலே இருந்தால் போதும். இவரிடம் போக்குக் காட்டாமல், நல்ல சீட்டு வரும்போது பெரிதாக வைப்பதே சரி.

இதனால்தான் 'படி'யும் எனக்கு ஒப்பவில்லை. படி என்றால் ஏற ஏற உயர்வு என்ற எண்ணம் வந்துவிடும். 'அடுக்கு' அப்படியல்ல, கீழ் அடுக்கு இல்லாமல் மேல் அடுக்கு நிற்காது, எந்த அடுக்கில் நிற்பது என்பது எதிராளியைப் பொறுத்தது. 'அடுக்குச் சிந்தனை' என்பதே பொருத்தம். எதிராளி இல்லாத அடுக்கில் போய் நின்று தோற்பதை 'அடுக்கு மீறல்' எனலாம்.

எதிராளியின் அடுக்கு பிடிபடவில்லையா? சமநிலைக் கணக்கு இருக்கிறது. நடுவில் உள்ள அளவே வைக்கும்போது, இரண்டு வலுவான கைக்கு ஒரு போக்கு என்று கலந்தால், ஈடு வைத்தாலும் கவிழ்த்தாலும் அவருக்கு ஒன்றே. 100 போட்டு 200ஐப் பிடிக்க அவருக்கு மூன்றில் ஒரு பங்கு வெற்றி தேவை. நீங்கள் கொடுப்பதும் அவ்வளவே.