மூடிக்கிடக்கும் மருத்துவமனைக் கட்டடத்தில் கல்நார்: இடிப்பதற்கு முன் சட்டம் யாரிடம் என்ன கேட்கிறது?

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் அதன் எதிர்க்கரையான பெருநிலத்திலும் நெடுங்காலமாக மூடிக்கிடக்கும் பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றை இடிக்கவோ, முதியோர் இல்லமாகவோ மண்டபமாகவோ மாற்றவோ யாராவது முன்வரும்போது, வரைபடத்துக்கும் விலைப்புள்ளிக்கும் முன்பாகக் கையில் இருக்க வேண்டிய ஆவணம் கல்நார் ஆய்வறிக்கை. நம் வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே சொல்லிப் பழகிய, நாரைச் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் பொருள்தான் கல்நார். கட்டடத்தின் உரிமையாளர், வேலையை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் குத்தகையாளர், அங்கே வேலைக்குப் போகும் தொழிலாளி, வேலிக்கு அப்பால் குடியிருக்கும் குடும்பம் ஆகிய நால்வருக்கும் இதில் பங்கு உண்டு என்பதால், விதிகள் யாரை எங்கே பிடிக்கின்றன என்பதைத் தெளிவாக எழுதி வைப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கல்நார் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நெளிவுக் கூரைத் தகடு. தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பழகிய பொருள். மருத்துவமனையில் கவலைக்குரிய பொருள் பெரும்பாலும் கூரையில் இருப்பதில்லை. கருவிகளைக் கிருமி நீக்கவும், துணி வெளுக்கவும், சமையற்கட்டுக்கும் நீராவி தேவைப்பட்டதால், கொதிகலன் அறையிலிருந்து கட்டடம் முழுவதும் நீராவிக் குழாய்கள் ஓடின. வெப்பம் வீணாகாமலிருக்க அந்தக் குழாய்களைச் சுற்றிக் கல்நார் கலந்த சாந்தைப் பூசி, மேலே துணி சுற்றி, வண்ணம் அடித்தார்கள். பார்ப்பதற்கு முறிந்த கைக்குப் போட்ட மாவுக்கட்டு போலவே இருக்கும். கூரைத் தகட்டில் நார் சிமெண்டுக்குள் இறுகியிருக்கும். குழாய்ச் சாந்தில் அது விரலால் நசுக்கினாலே தூளாகிப் பறக்கும். இவை தவிர, தீத்தடுப்புக் கதவுகளின் உட்பகுதி, உட்கூரைப் பலகைகள், வினைல் தரை ஓடுகளும் அவற்றின் அடியில் உள்ள கறுப்புப் பசையும், பழைய மின்பெட்டிகளின் தடுப்புத் தகடுகள், ஆய்வுக்கூட மேசைப்பரப்பு ஆகியவற்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் இந்த ஆபத்து அப்படியே உறங்கிக் கிடப்பதில்லை. கூரை ஒழுகி உட்கூரைப் பலகை ஊறி விழுகிறது. புறா கூடு கட்டுகிறது. செம்புக் குழாயையும் மின்கம்பியையும் திருட வருபவர்கள் மேலே சுற்றியிருக்கும் உறையை உரித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பெருநிலத்தில் அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை ஒரு சங்கத்துக்காகப் பார்க்கப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் உரித்துப் போடப்பட்ட வெள்ளைத் துண்டுகளை வயதான காவலாளி ஒருவர் ஈர்க்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசி அவர் முகத்தளவுக்கு எழுந்து நின்றது. நிறுத்தச் சொன்னபோது, "வெறும் சுண்ணாம்புதான் தம்பி" என்றார். அவருக்கு வேலை கொடுத்த நிறுவனம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தூசி கல்நார்தானா என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் ஒருவரைக் கூட்டவிட்டதுதான் குற்றம் என்பது என் கருத்து.

சட்டத்துக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. அதே நாளில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டது. எனவே அந்தப் பழைய சட்டத்தை மேற்கோள் காட்டும் துண்டுப்பிரசுரங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். கல்நார் ஆய்வு என்ற பெயரில் ஒரு தனிப் பிரிவைத் தேடுபவர் ஏமாறலாம், ஏனெனில் அந்தக் கடமை பொதுவான பிரிவுகளுக்குள் அடங்கியிருக்கிறது: 18ஆ பிரிவு அபாய மதிப்பீடு செய்து அதை நடைமுறைப்படுத்தச் சொல்கிறது, 18அ பிரிவு, குத்தகைக்கு வேலை கொடுப்பவர் குத்தகையாளரின் ஆட்களுடைய பாதுகாப்புக்கும் பொறுப்பாளி என்கிறது. கட்டடம் காலியாக இருக்கிறது என்பது இங்கே சாக்காகாது. காவலாளி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்த கணத்திலேயே அது வேலையிடமாகிவிடுகிறது. முதலாளி தம் அடிப்படைக் கடமையில் தவறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

உடல்நலத்துக்குத் தீங்கான இரசாயனங்கள் குறித்த 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இரசாயன அபாய மதிப்பீட்டை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரே செய்ய வேண்டும்; காற்றை அளப்பதற்கும் அதே துறையில் பதிவு பெற்ற தொழில்நுட்பர் தேவை. நீலக் கல்நார் எனப்படும் குரோசிடோலைட்டை, ஆராய்ச்சிக்கும் பகுப்பாய்வுக்கும் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1999-ஆம் ஆண்டின் ஆணை தடை செய்திருக்கிறது. தடைக்கு முன் சுவருக்குள் போனது இன்னும் சுவருக்குள்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆய்வு நடக்கும் முறை இதுதான். முதலில் பழைய வரைபடங்களையும் பழுதுபார்ப்புப் பதிவுகளையும் திரட்டுவார்கள். பிறகு அறை அறையாகச் சென்று, சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு பொருளையும் அதன் இடம், அளவு, சிதைவு நிலை ஆகியவற்றோடு குறிப்பார்கள். மாதிரி எடுக்கும் இடத்தில் முதலில் நீர் தெளித்து ஈரமாக்கி, சிறு துண்டை வெட்டி, இரட்டைப் பையில் போட்டு எண்ணிட்டு, வெட்டிய வாயை உடனே ஒட்டி மூடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் துருவ ஒளி நுண்ணோக்கியின் கீழ்தான் அது வெள்ளைக் கல்நாரா, பழுப்புக் கல்நாரா, நீலக் கல்நாரா என்பது தெரியும். வண்ணம் பூசிய பலகையைக் கண்ணால் பார்த்து "இது இல்லை" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அனுப்பும் ஆய்வுக்கூடம் மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டமான 'சாம்' அங்கீகாரம் பெற்றதா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடிப்பதற்கான ஆய்வும், கட்டடத்தை அப்படியே வைத்துப் பராமரிப்பதற்கான ஆய்வும் வேறு வேறு. பராமரிப்பு ஆய்வில் கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதை மட்டும் பார்த்தால் போதும். இடிப்பதாக இருந்தால் பொய்க்கூரைக்கு மேலும், மின்தூக்கிக் குழிக்குள்ளும், தரைக்கடிக் குழாய்ப் பாதையிலும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பூட்டியிருந்ததால் பார்க்க முடியாத அறைகளை அறிக்கை தனியாகக் குறிக்க வேண்டும். பார்க்காத இடத்தில் கல்நார் இருப்பதாகவே கொள்வதுதான் பாதுகாப்பான வழி. ஓர் அறிக்கை நல்லதா என்று அறிய நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

கல்நார் உறுதியானால், பொதுவான இடிப்பு வேலை தொடங்கும் முன்பே அதைத் தனியாக அகற்ற வேண்டும். அகற்றும் பகுதியை மூடி, நனைத்து, உடைக்காமல் எடுப்பார்கள். சாதாரணத் துணி முகக்கவசமும் வீட்டுத் தூசியுறிஞ்சியும் இதற்கு உதவா. தூசியுறிஞ்சி நாரை மறுபுறம் ஊதிவிடும். கசடு, தூசி, நார் வடிவிலுள்ள கல்நார்க் கழிவை 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகள் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக, அதாவது தனிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அபாயக் கழிவாக, வகைப்படுத்துகின்றன. கழிவு உண்டான 30 நாள்களுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாள்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கக் கூடாது. உரிமம் பெற்றவர்தான் ஏற்றிச் செல்ல வேண்டும். தகட்டை உடைக்க உடைக்க இந்தக் கழிவு பெருகும் என்பதால், முழுதாகக் கழற்றுவது குத்தகையாளருக்கே இலாபம்.

இடிப்பதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. தீவில் அது பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். 2008-இல் உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ்டவுன் வட்டாரத்தில் முகப்பைக் காக்கும் நிபந்தனைகளும் சேரும்.

இனித் தொழிலாளிக்கு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை 26அ பிரிவு தருகிறது. முதலில் முதலாளியிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ சொல்லுங்கள். அவர்கள் ஒன்றும் செய்யாவிட்டால் விலகலாம், அதற்காக வேலையைவிட்டு நீக்கக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கும் தம்பிகள் தங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். கல்நார் நோய் சுவாசித்த நாளில் தெரியாது. இருபது, முப்பது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகள் கழித்தே நுரையீரலில் தலைகாட்டும். அதனால்தான் காற்று அளவீட்டுப் பதிவுகளை 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எந்தக் கட்டடத்தில், எந்த மாதத்தில், யாரிடம் வேலை செய்தோம் என்பதைச் சம்பளச் சீட்டோடு நாமும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்துக் குடியிருப்பாளர்கள் உள்ளூராட்சி மன்றத்திடம் எழுத்து மூலம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: கல்நார் ஆய்வு நடந்ததா, நாள் என்ன, அகற்றிய பின் காற்றை அளந்தவர் யார்? வேலை நடக்கும்போது வெள்ளைத் தூசி எழுந்தால் நேரத்தைக் குறித்து, வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்து, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் அனுப்புங்கள். துண்டு எதையும் கையில் எடுத்து வர வேண்டாம்.