ஹெர்ப்பீஸ்: தொற்றியதா, கிளர்ந்ததா?

கிரேக்க மொழியில் 'ஹெர்பெய்ன்' என்றால் ஊர்தல். தோலில் ஊர்ந்து பரவும் புண்ணுக்கு அந்நாட்டுப் பழைய மருத்துவர்கள் ஹெர்ப்பீஸ் என்று பெயரிட்டார்கள். பாம்பைக் குறிக்கும் வடமொழிச் 'சர்ப்பம்' பிறந்ததும் இதே வேரில்தான். அங்கே 'ச' ஒலிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் 'ஹ' ஒலிக்கிறது.

தமிழில் இதற்கு அக்கி என்று பெயர். அக்கினியோடு உறவுடைய சொல்; எரிச்சலை அனுபவித்தவர்கள் வைத்த பெயர் என்று தோன்றுகிறது. இடுப்பில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போய் 'அக்கி எழுதி'க்கொள்வது ஊர் வழக்கம். செங்காவியைக் குழைத்து உடம்பில் சிங்க உருவம் எழுதுவார்கள். ஆனால் அது சின்னம்மை வைரஸ் பல ஆண்டு கழித்து எழுப்பும் அக்கி. உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வருவதற்குக் காரணம் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு வைரஸ்கள்: எச்.எஸ்.வி. (ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்) முதல் வகை, இரண்டாம் வகை. ஆகவே உதட்டு அக்கி, பிறப்புறுப்பு அக்கி என்று இடத்தையும் சேர்த்துச் சொல்வதே சரி.

இதைவிட வேதனை தரும் குழப்பம் 'தொற்று' என்ற சொல்லில் இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே வகை வைரஸ் இருக்கிறது. பிறப்புறுப்பில் ஆறிப்போன புண் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. "மறுபடியும் எனக்குத் தொற்றவைத்துவிட்டாய்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. பெரும்பாலும் அது வீண்பழி. முதல் முறை நுழைந்த வைரஸ் நரம்பு வழியே ஏறி, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடக்கிறது. காய்ச்சலோ உடல் தளர்வோ வரும்போது, ஏறிய நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்குகிறது. ஊர்தல் என்ற பழம்பெயர் இங்கேதான் முழுமையாகப் பொருந்துகிறது. இதற்கு 'மறுகிளர்ச்சி' என்பதே ஏற்ற சொல். வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்வது மட்டுமே 'மறுதொற்று'. ஒரே வகை இருவருக்கும் இருந்தால், உடலில் உருவான எதிர்ப்புத்திறன் காரணமாக மறுதொற்று அரிதாகவே நிகழ்கிறது.

'ஒரே வகை' என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். முதல் வகை உள்ளவருக்கு இரண்டாம் வகை தொற்ற இடமுண்டு. இருவருக்கும் இருக்கிறது என்ற ஒன்றை வைத்து அதை மறந்துவிடக் கூடாது. எந்த வகை என்பதைப் புண்ணிலிருந்து எடுத்த நீரைச் சோதித்து மருத்துவர் சொல்வார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புண்ணே இல்லாத நாளிலும் வைரஸ் தோலில் வெளிப்படும். தொற்றிப் பல ஆண்டுகள் கழித்தும் முதல் கொப்புளம் தோன்றலாம். புண் முதலில் யாருக்கு வந்தது என்பதை வைத்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எவராலும் சொல்ல முடியாது.