குழந்தைத் திருமணம் ‘செல்லாது’ என்பது எப்போது உண்மை?

தருமபுரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் என்னிடம் பெண்ணைப் பெற்றவர்கள் பலர், ‘பதினெட்டு நிறையாமல் நடந்த கல்யாணம்தானே, அது எப்படியும் செல்லாது’ என்று உறுதியாகச் சொல்கிறார்கள். பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களிலும் இந்த நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன் 3ஆம் பிரிவின்படி, அத்தகைய திருமணத்தை நீதிமன்றம் இரத்து செய்யும்வரை அது நிலைத்தே நிற்கும். இதற்கான மனுவைப் பெண் தன் 20 வயது நிறைவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். 18 நிறையாதவராயின் அவருடைய பாதுகாவலர், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்டச் சமூகநல அலுவலருடன் சேர்ந்து தாக்கல் செய்யலாம். கடத்தியோ, வற்புறுத்தியோ, ஏமாற்றியோ, விற்றோ நடத்தப்பட்ட திருமணமும், நீதிமன்றத் தடையாணையை மீறி நடந்த திருமணமும் மட்டுமே தொடக்கத்திலிருந்தே செல்லாதவை.

இங்கே வழக்கமாக நடப்பது வேறு. ஊர்ப் பெரியவர்கள் கூடி, தாலியைக் கழற்றிக் கோயில் உண்டியலில் போடச் செய்து, ‘இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை’ என்று இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தாள் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாது. அதை நம்பி 20 வயதைக் கடந்துவிட்டால், பிறகு விவாகரத்து வழக்கைத்தான் நாட வேண்டும். விவாகரத்தும் பெறாமல் மறுமணம் செய்துவைத்தால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்கை அந்தப் பெண்ணே சந்திக்க நேரிடலாம்.

குழந்தைத் திருமணத்தை நடத்திவைத்தவர்களுக்கு இரண்டாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதால், பெற்றோர் நீதிமன்றப் படியேற அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காகப் பெண்ணின் வாழ்க்கையை முடக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மகள் கருவுற்றிருந்தாலும் தயங்க வேண்டியதில்லை: திருமணம் இரத்தானாலும் குழந்தை, குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி சட்டப்படியான வாரிசே. மறுமணம் வரை பெண்ணுக்கு ஜீவனாம்சமும் கேட்கலாம்.

வழக்கறிஞரைப் பார்க்க வரும்போது பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், புகைப்படங்கள் ஆகியவற்றோடு, கொடுத்த நகை, பணத்தின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். அவற்றைத் திருப்பித் தரும்படி அதே மனுவிலேயே உத்தரவு கோரலாம்.